செக்குபந்தி

நவநீதன் என்று பெயர் சொன்னான்.
தோளில் பை, கையில் அகலமான போன்.
திருமணிமுத்தாற்று நாற்றத்துக்கு
மூக்கைப் பொத்தாத முதல் ஆபீசுப் பையன்.
அதற்காகவே உள்ளே கூப்பிட்டேன்.

பட்டா இல்லை அக்கா, பட்டாவுக்கு முந்தின படி என்றான்.
நூறு இருநூறு கம்ப்யூட்டரில் ஒரே நேரம் எழுதுவோம்,
ஒன்றில் ஒருத்தன் அழித்தால்
மற்றதெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும்.
பிளாக்செயின். சங்கிலி மாதிரி.

சங்கிலி பற்றி என்னிடம் சொல்கிறான்.
இருபத்திரண்டு வருஷமாகச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு
கொலுசுக் கண்ணி பற்றவைக்கிறேன்.
கண்ணி அறாது தம்பி,
வெண்காரம் குறைந்த இடம்தான் அறும் என்றேன்.
சிரித்தான். அதை எழுதிக்கொள்ளவில்லை.

தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
கரண்டு ரசீது ஒரு கட்டு,
ரேஷன் கார்டு நகலின் நகல்,
காலி பண்ணச் சொல்லி வந்த நோட்டீஸ் மூன்று.
நான் இங்கேதான் இருக்கிறேன் என்று
சர்க்கார் முத்திரை குத்திச் சொன்னது
அந்த மூன்றில் மட்டும்தான்.

வீட்டுக்காரர் பேர்?
லாரியோடு நாக்பூர் போனவர்
ஒன்பது வருஷமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.
என் பேர் மட்டும் போதுமா?
போதும், ஆனால் ஏறினால் இறங்காது,
எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றான்.
பெ. ரி. ய. நா. ய. கி.
ரேஷன் கார்டில் நான் பெரியநாயகம்.

அப்புறம் எல்லை.
நாலு பக்கத்தாரும் ஒப்ப வேண்டும்,
அவரவர் போனில், அவரவர் விரலில்.

தெற்கே சந்து. அதற்குச் சங்கத்துச் செயலாளர் அழுத்தினார்.
மேற்கே ஜைத்தூன்,
பரோட்டா மாவைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ரேகை பதியாமல் மூன்று தரம் அழுத்தினாள்.
கிழக்கே குப்பாயி.

குப்பாயிக்கும் எனக்கும் பேச்சில்லை, ஆறு வருஷம்.
அவள் குளியலறைச் சுவர் என் பக்கம் ஒரு சாண் வந்துவிட்டது.
என் தகரம் அவள் அடுப்பில் சொட்டுகிறது.
இரண்டும் நிஜம்.

டேப்பின் ஒரு நுனி என்னிடம் கொடுத்தான்,
மறு நுனி அவளிடம்.
நடுவில் மஞ்சள் நாடா வெடவெடவென்று ஆடியது.
பத்தடி ரெண்டங்குலம் என்றேன்.
ஒம்பதே முக்கால் என்றாள்,
என்னைப் பார்க்காமல், டேப்பைப் பார்த்து.
ஆறு வருஷத்துக்குப் பிறகு
அவள் வாயிலிருந்து எனக்கு வந்தது
ஒரு பின்னம்.

வெயில் ஏறியது. நவநீதன் சுவரின் நடுவே கோடு போட்டான்.
அவள் அழுத்தினாள்.
இனி எங்கள் சண்டை
நூறு இருநூறு கம்ப்யூட்டரில் அழியாமல் இருக்கும்.

வடக்கே?

வடக்கே ஆறு.
அதற்குப் போன் கிடையாது.
ஏற்காட்டில் கொட்டினால் அன்று ராத்திரியே வந்து
அடுப்படி வரைக்கும் அளந்துவிட்டு
சுவரில் பழுப்புக் கோடு இழுத்துவிட்டுப் போகும்.
ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒவ்வொரு கோடு.

கட்டம் காலியாக இருந்தால் ஏறாது அக்கா.
நீர்நிலை என்று போடட்டுமா?

அந்த ஒரு சொல்லுக்குத்தான்
பெட்டியில் மூன்று நோட்டீஸ் கிடக்கிறது.
சுவர் என்று போடு என்றேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டால்?
கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவன் விரல் சும்மா நின்றது கொஞ்ச நேரம்.
பட்டறையில் புதுப் பையன்கள்
ஊதுகுழலை எடுக்கலாமா வேண்டாமா என்று
இப்படித்தான் நிற்பார்கள்.
பிறகு தட்டினான். சு, வ, ர்.

வால் போல ஒரு நீளமான எண் வந்தது,
கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒன்று வந்தது.
நோட்டீசுகளுக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினேன்.
மூடி, பரண்மேல் ஏற்றினேன்,
போன வருஷக் கோட்டுக்கு ரெண்டு முழம் மேலே.

சுவருக்கு அந்தப் பக்கம்
குப்பாயி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.
உனக்கு ஏறிருச்சா?

ஏறிருச்சு என்றேன்.
உன் அடுப்பு மேல சொட்டுதே,
ஞாயித்துக்கிழம ஆளக் கூப்பிடுறேன்.